ஈஸ்ட்போர்ன் பேண்டு மேடை: யார் கேட்கலாம், யார் காசு கொடுக்க வேண்டும்?

இங்கிலாந்தின் தெற்குக் கரையில், சசெக்ஸ் பகுதியில் உள்ள ஈஸ்ட்போர்ன் ஒரு பழைய கோடைக்கால ஊர். மேற்கே பீச்சி ஹெட் என்ற வெள்ளைச் சுண்ணாம்புப் பாறை. கிழக்கே 1870-இல் திறந்த கடல் பாலம், அங்கே அதைப் பியர் என்பார்கள். இரண்டுக்கும் நடுவில், கிராண்ட் பரேட் சாலையை ஒட்டி, நீலக் குவிமாடம் போட்ட ஒரு பேண்டு மேடை நிற்கிறது. 1935-இல் 28,000 பவுண்டு செலவில் நகர்மன்றம் கட்டியது. அன்று 3,500 பேர் உட்காரலாம். இன்று பாதுகாப்பு விதிகளின்படி 1,600 பேருக்குத்தான் இடம்.

ஒரு மேடையை எடுத்து வைத்து ஆராய என்ன இருக்கிறது என்று தோன்றலாம். இருக்கிறது. பிரிட்டன் முழுக்க ஒரு காலத்தில் பூங்காக்களிலும் கடற்கரைகளிலும் நூற்றுக்கணக்கில் பேண்டு மேடைகள் இருந்தன. இரும்புத் தூண்கள், அலங்காரக் கம்பி வேலை, மேலே சின்னக் கூரை. அவற்றில் பெரும்பகுதி துருப்பிடித்தோ, இடிக்கப்பட்டோ, ஆளில்லாமலோ போய்விட்டது. எஞ்சியவற்றிலும் பல வெறும் காட்சிப் பொருள்கள். ஈஸ்ட்போர்ன் மேடையிலோ இந்த நூற்றாண்டிலும் டிக்கெட் விற்றுக் கோடை முழுக்கக் கச்சேரி நடந்திருக்கிறது. அது தப்பிப் பிழைத்ததற்குக் காரணம் அதன் அழகு என்று பலர் சொல்வார்கள். காரணம் அதைச் சுற்றியிருக்கும் சுவர் என்பது என் கணிப்பு. இன்று நகர்மன்றத்தின் கழுத்தைப் பிடித்திருப்பதும் அதே சுவர்தான். இதைப் புரிந்துகொள்ள 1935-க்கு வெகு முன்னால் போக வேண்டும்.

கனவான்களின் ஊர்

1849-இல் ரயில் வந்தபோது ஈஸ்ட்போர்ன் சில கிராமங்களின் தொகுப்பு. 1851-இல் 4,000 பேர்கூட இல்லை. 1891-க்குள் மக்கள்தொகை ஏறக்குறைய 35,000. இந்த வளர்ச்சி தானாக நடந்ததில்லை. நிலத்தின் பெரும்பகுதி இரண்டு குடும்பங்கள் கையில் இருந்தது. அதில் பெரிய கை டெவன்ஷையர் டியூக் என்ற பிரபுவுடையது. ஏழாவது டியூக்கான வில்லியம் காவென்டிஷ், ஹென்றி கரி என்ற கட்டடக் கலைஞரை வைத்துத் தெருக்களை வரைந்தார். "கனவான்களுக்காகக் கனவான்கள் கட்டிய ஊர்" என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டார்கள். கடலைப் பார்த்த கட்டடங்களில் கடை வைக்க அனுமதி இல்லை. இன்றும் அந்தக் கரையில் வரிசையாக ஹோட்டல்கள்தான், கடைகள் அபூர்வம்.

இப்படிப்பட்ட ஊரில் இசைக்கும் ஒரு வேலி வேண்டும் அல்லவா? டியூக் அதையும் செய்தார். கரையிலிருந்து சற்று உள்ளே டெவன்ஷையர் பார்க் என்ற கேளிக்கைத் தோட்டம் 1870-களில் வந்தது. கண்ணாடி மண்டபம், குளிர்காலத் தோட்டம், அப்புறம் டியூக்கின் பெயரிலேயே ஒரு ஆர்கெஸ்ட்ரா. நுழைவுக் கட்டணம் கொடுத்தால் உள்ளே போகலாம். கட்டணம் கொடுக்க முடியாதவர்களுக்கும் விரும்பாதவர்களுக்கும் கடற்கரை நடைபாதை இருந்தது. அங்கே திறந்த வெளியில் பேண்டு வாசிப்பார்கள். இப்போதைய மேடை இருக்கும் இடத்தில் அப்போது தூண்கள்மேல் நின்ற சின்ன மேடையை ஊர்க்காரர்கள் "பறவைக் கூண்டு" என்று கூப்பிட்டார்கள்.

ஆக, ஒரே ஊரில் இரண்டு வகை இசை. ஒன்று வேலிக்குள், காசுக்கு. இன்னொன்று வெளியே, சும்மா. இந்த இரண்டும் அமைதியாக ஓடிக்கொண்டிருந்த காலத்தில்தான் மூன்றாவதாக ஒரு பேண்டு ஊருக்குள் நுழைந்தது.

1891: ஒரு ஞாயிற்றுக்கிழமைச் சண்டை

இரட்சணிய சேனை தெருவில் பிரசங்கம் செய்து வளர்ந்த அமைப்பு. 1878-இல் சாலிஸ்பரி நகரில் ஃபிரை என்ற குடும்பத்தினர், தந்தையும் மகன்களுமாக, பிரசங்கிகளைக் கூட்டத்தின் தொல்லையிலிருந்து காக்கப் பித்தளைக் கருவிகளோடு வந்து நின்றார்கள். அதிலிருந்து பேண்டு அந்தச் சேனையின் அடையாளமாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை தோறும் பேண்டு வாசித்துக்கொண்டு ஊர்வலம் போவார்கள். ஏழைகள் வாழும் தெருக்களில் அது எடுபட்டது. ஈஸ்ட்போர்ன் போன்ற ஊருக்கு அது சகிக்கவில்லை.

ஈஸ்ட்போர்னிடம் ஒரு ஆயுதம் இருந்தது. 1885-இல் நாடாளுமன்றம் அந்த ஊருக்கென்று நிறைவேற்றிய மேம்பாட்டுச் சட்டத்தின் 169-ஆம் பிரிவு. ஞாயிற்றுக்கிழமைகளில் இசைக்கருவியோடு எந்த ஊர்வலமும் தெருவில் போகக்கூடாது. பட்டாசு, பீரங்கி, துப்பாக்கி, வேறு தொந்தரவான சத்தம், எதுவும் கூடாது. இதோடு நிறுத்தியிருந்தால் அமைதியை விரும்பும் ஊர் என்று விட்டுவிடலாம். கடைசியில் ஒரு விலக்கு சேர்த்தார்கள்: அரசியின் கடற்படை, தரைப்படை, தொண்டர்படை ஆகியவற்றுக்கு இந்தத் தடை பொருந்தாது.

அந்த விலக்கைப் படித்தவுடனே விஷயம் புரிந்துவிடுகிறது. ராணுவ பேண்டும் பித்தளைதான், சேனை பேண்டும் பித்தளைதான். காதுக்கு இரண்டும் ஒன்றுதான். சத்தம் அங்கே பிரச்சினையே இல்லை. யார் வாசிக்கிறார்கள், யாரைக் கூட்டுகிறார்கள் என்பதுதான் பிரச்சினை.

1891-இல் சேனை ஞாயிற்றுக்கிழமை ஊர்வலத்தைத் தொடங்கியது. எதிர்க் கும்பல்கள் கூடின. அந்தக் காலத்தில் பல ஊர்களில் சேனைக்கு எதிராகக் கிளம்பிய இப்படிப்பட்ட கும்பல்களுக்கு "எலும்புக்கூட்டுச் சேனை" என்று பெயர். அடிதடி நடந்தது, கருவிகள் உடைந்தன, வாரா வாரம் கலவரம். அடித்தவர்களைவிட அடிவாங்கியவர்கள்தான் அதிகம் நீதிமன்றத்துக்குப் போனார்கள். பேண்டுக்காரர்கள் பலர் சிறை சென்றார்கள். வழக்கு லண்டனின் ஓல்ட் பெய்லி நீதிமன்றம் வரை போய், சட்டவிரோதமாகக் கூடியதாகத் தீர்ப்பு வந்தது. மேல் விசாரணையில் 1892-இல் அந்தத் தீர்ப்பு தள்ளுபடியானது. அதே ஆண்டு நாடாளுமன்றம் இதற்கென்றே ஒரு திருத்தச் சட்டம் கொண்டுவந்து தடையை நீக்கியது. ஒரு கடற்கரை ஊரின் பேண்டு விவகாரத்துக்காக நாடாளுமன்றம் உட்கார்ந்து பேசியது என்பது இன்று வேடிக்கையாக இருக்கலாம். அன்று அது பேச்சுரிமைப் பிரச்சினை.

ஞாயிறும் இசையும் மோதியது ஈஸ்ட்போர்னில் மட்டும் இல்லை. 1855-56-இல் லண்டன் பூங்காக்களில் ஞாயிறு மாலை ராணுவ பேண்டு வாசிக்க பெஞ்சமின் ஹால் என்ற அமைச்சர் ஏற்பாடு செய்தார். ஆயிரக்கணக்கில் கூட்டம் வந்தது. கேன்டர்பரி பேராயர் எதிர்த்தார், பிரதமர் பாமர்ஸ்டன் பின்வாங்கினார், வாசிப்பு நின்றது. பேண்டு மேடை என்ற கட்டடமே பிரிட்டனில் இதற்குப் பிறகுதான் வருகிறது. 1861-இல் தெற்குக் கென்சிங்டனில் இருந்த தோட்டக்கலைச் சங்கத்தின் தோட்டத்துக்கு கேப்டன் ஃபிரான்சிஸ் ஃபவுக் வடிவமைத்ததைத்தான் முதல் மேடைகளாகச் சொல்வார்கள். மேடை என்றால் வாசிப்பவர் ஓர் இடத்தில் நிற்பார், கேட்பவர் சுற்றி நிற்பார், நேரம் குறித்திருக்கும், நிகழ்ச்சி நிரல் அச்சாகியிருக்கும். தெருவில் நடந்து வரும் பேண்டை அடக்க முடியாது. மேடையில் ஏற்றிவிட்டால் முடியும். நகர்மன்றங்கள் மேடை கட்ட ஏன் அவ்வளவு ஆர்வம் காட்டின என்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம் என்று நினைக்கிறேன். இசைப் பற்று மட்டும் காரணமாக இருந்திருக்க முடியாது.

கூண்டில் இருந்த கோளாறு

பறவைக் கூண்டு வகை மேடை பார்க்க அழகு. ஆனால் ஒரு கருவியாக எடுத்துக்கொண்டால் அதில் மூன்று குறைகள்.

முதலில் காற்று. கடற்கரையில் நான்கு பக்கமும் திறந்த மேடையில் வாசிப்பவர்களுக்கு இசைத்தாள் பறக்கும். இன்றும் திறந்தவெளி பேண்டுக்காரர்கள் துணி கிளிப்பைப் பையில் வைத்திருப்பார்கள். பித்தளைக் கருவி தாக்குப்பிடிக்கும். வயலினும் செல்லோவும் ஈரக்காற்றில் சுருதி மாறித் தவிக்கும்.

இரண்டாவது, சத்தம் எல்லாப் பக்கமும் போகிறது. வட்ட மேடை பூங்காவுக்குச் சரி, சுற்றிலும் ஆள் இருப்பார்கள். கடலோரத்தில் பாதிச் சத்தம் அலைகளுக்குத்தான் போகும்.

மூன்றாவதுதான் பெரியது: காசு. திறந்த மேடையைச் சுற்றி நிற்பவரிடம் கட்டணம் வாங்க முடியாது. மடக்கு நாற்காலிக்கு வாடகை வாங்கலாம், தட்டு ஏந்தலாம், நிகழ்ச்சித் தாளை விற்கலாம். மிச்சத்தை வரிப்பணத்திலிருந்துதான் போட வேண்டும். பேண்டுக்கு வரிப்பணம் செலவழிக்க நகர்மன்றங்களுக்கு முதலில் தெளிவான அதிகாரம்கூட இல்லை. 1907-இல் பொதுச் சுகாதாரச் சட்டத்தில் வந்த திருத்தம்தான், பூங்காக்களில் பேண்டுக்குச் செலவழிக்கவும், கேட்பவர்களுக்காக ஒரு பகுதியை அடைத்துக் கட்டணம் வாங்கவும் பொதுவாக வழி விட்டது. சுகாதாரச் சட்டத்தில் பேண்டா என்று கேட்கலாம். பூங்காவும் சாக்கடையும் ஒரே துறையின் கீழ் இருந்த காலம் அது.

அடைக்கலாம் என்று சட்டம் சொன்ன பிறகு கடற்கரை ஊர்கள் பலவற்றில் மேடையைச் சுற்றி வேலியும் கண்ணாடித் தட்டியும் முளைத்தன. காற்றும் குறைந்தது, கல்லாவும் நிரம்பியது.

வுட்வார்ட்

மேடைக்கு அருகே ஒரு நினைவுப் பலகை இருக்கிறது. அது இப்போதைய மேடையைவிட 21 ஆண்டு மூத்தது. அதில் உள்ளவர் ஜான் வெஸ்லி வுட்வார்ட், டைட்டானிக் கப்பலில் செல்லோ வாசித்தவர்.

1879-இல் வெஸ்ட் பிராம்விச்சில் பிறந்தவர். ஈஸ்ட்போர்னுக்கு வந்து டியூக்கின் ஆர்கெஸ்ட்ராவிலும் கிராண்ட் ஹோட்டலிலும் வாசித்தார். பிறகு கப்பல் வேலைக்குப் போனார். 1911 செப்டம்பரில் ஒலிம்பிக் கப்பல் ஹாக் என்ற போர்க்கப்பலோடு மோதியபோது அதில் இருந்தார். 1912 ஏப்ரலில் டைட்டானிக்கில் ஏறினார். அதன் எட்டு இசைக்கலைஞர்களில் ஒருவர்கூடத் திரும்பவில்லை. வுட்வார்டின் உடலும் கிடைக்கவில்லை. 1914 அக்டோபரில் பிரபலப் பாடகி கிளாரா பட் வந்து ஈஸ்ட்போர்னில் அவருடைய நினைவுச் சின்னத்தைத் திறந்துவைத்தார்.

கப்பல் மூழ்கும்வரை வாசித்தார்கள் என்ற கதை எல்லாருக்கும் தெரியும். அந்தக் கலைஞர்களுக்கு யார் சம்பளம் கொடுத்தார்கள் என்ற கதை அந்த அளவுக்குத் தெரியாது. இந்த ஆய்வுக்கு அதுதான் முக்கியம். முன்பு கப்பல் கம்பெனிகள் நேரடியாக மாதம் ஆறரை பவுண்டு கொடுத்துக்கொண்டிருந்தன. பிறகு லிவர்பூலில் பிளாக் என்ற ஏஜென்சி கம்பெனிகளோடு ஒப்பந்தம் போட்டு, எல்லாக் கலைஞர்களையும் தன் வழியாக அனுப்பத் தொடங்கியது. சம்பளம் 4 பவுண்டாக இறங்கியது, சீருடைப் படியும் நின்றது. எட்டுப் பேரும் கப்பலின் ஊழியர்களாக இல்லாமல் இரண்டாம் வகுப்புப் பயணிகளாகப் பயணம் செய்தார்கள். ஆகவே அவர்கள் இறந்தபோது, ஊழியர் இழப்பீடு கேட்ட குடும்பங்களுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. ஜாக் ஹியூம் என்ற இளம் வயலின் கலைஞரின் தந்தைக்கு, மகனின் சீருடைக் கணக்கில் 14 ஷில்லிங் 7 பென்ஸ் பாக்கி என்று ஏஜென்சியிடமிருந்து கடிதம் வந்தது.

கடற்கரை மேடைகளில் வாசித்தவர்களும் கப்பலில் வாசித்தவர்களும் அநேகமாக ஒரே ஆட்கள்தான். கோடையில் கடற்கரை, மற்ற மாதங்களில் ஹோட்டல், கப்பல், நாடகக் கொட்டகை. எங்கேயும் நிரந்தரம் இல்லை. கரையிலேயே ஒரு நகர்மன்றம் ஒழுங்கான மேடையும் நிலையான பருவமும் ஏற்படுத்திக் கொடுத்தால், அது கேட்பவர்களுக்கு மட்டும் நல்லது இல்லை, வாசிப்பவர்களுக்கும் பிழைப்பு.

1935: நகரப் பொறியாளரின் தீர்வு

1930-களில் தெற்குக் கரை ஊர்கள் ஒன்றோடு ஒன்று போட்டி போட்டுக் கட்டின. ரயில் பயணிகள் எந்த நிலையத்தில் இறங்குவார்கள் என்பதுதான் போட்டி. ஹேஸ்டிங்ஸில் சிட்னி லிட்டில் என்ற நகரப் பொறியாளர் கரை முழுக்கக் கான்கிரீட் போட்டுக்கொண்டிருந்தார். பெக்ஸ்ஹில்லில் சோஷலிசப் பிரபுவான டி லா வார் மேயராக இருந்து, போட்டி அறிவித்து, எரிக் மெண்டல்சோன், செர்ஜ் செர்மாயெஃப் என்ற இரண்டு நவீனக் கட்டடக் கலைஞர்களை வைத்து 80,000 பவுண்டில் பெவிலியன் என்ற ஒரு கேளிக்கை மண்டபம் கட்டினார். அது திறந்தது 1935 டிசம்பரில். இன்று உலகம் முழுக்கக் கட்டடக்கலை மாணவர்கள் அதைப் படிக்கிறார்கள்.

ஈஸ்ட்போர்ன் அப்படியெல்லாம் போகவில்லை. வெளியாளைத் தேடாமல் தன் சொந்த நகரப் பொறியாளர் லெஸ்லி ரோஸ்வியரிடமே வேலையைக் கொடுத்தது. அவர் வரைந்தது பார்வைக்குப் பழமை: கிரேக்கச் சாயலில் தூண் வரிசை, பாலாடை நிறத்தில் மெருகேற்றிய சுடுமண் ஓடு, நீலக் குவிமாடம். மெண்டல்சோனோடு ஒப்பிட்டால் பின்தங்கியது என்று விமர்சகர்கள் சொல்லலாம். ஆனால் மூன்று பழைய குறைகளையும் ரோஸ்வியர் ஒரே வரைபடத்தில் தீர்த்துவிட்டார். அதுதான் எனக்குப் பிடித்த விஷயம்.

ஈஸ்ட்போர்ன் கரையில் சாலை மட்டத்துக்கும் கடற்கரைக்கும் நடுவே நல்ல உயர வித்தியாசம் உண்டு. ரோஸ்வியர் அதைப் பயன்படுத்திக்கொண்டார். மேடையைக் கடல் பக்கம் வைத்து, அதற்கு எதிரே, சாலைப் பக்கம், அரைவட்டமாகப் பார்வையாளர் இடத்தை அமைத்தார். கீழே அரங்கம், மேலே இரண்டு அடுக்கு பால்கனி. இருபுறமும் மூடிய தூண் வரிசை மேடையையும் அரங்கத்தையும் இணைக்கிறது. ஆக, பார்வையாளர் கடலைப் பார்த்து உட்காருகிறார், கலைஞர் கடலுக்கு முதுகைக் காட்டி வாசிக்கிறார்.

இதன் பலன் என்ன? வெயில் நாள் பிற்பகலில் கடலிலிருந்து நிலத்தை நோக்கிக் காற்று வீசும். காற்றுப் போகும் திசையில் ஒலி கீழே வளைந்து நன்றாகக் கேட்கும், எதிர்த்திசையில் மேலே தூக்கிக்கொண்டு போய்விடும். மேடை கடல் பக்கம் இருப்பதால் காற்று இசையைச் சுமந்துகொண்டு நேராகக் கூட்டத்திடம் வருகிறது. பழைய கூண்டு கடலுக்கு வாரி இறைத்த பாதிச் சத்தத்தையும் முதுகுச் சுவரும் கூரையும் சேர்ந்து முன்னே திருப்பிவிடுகின்றன. பக்கச் சுவர்கள் காற்றை உடைக்கின்றன. வயலினுக்கும் இடம் கிடைத்தது.

அப்புறம் கல்லா. அரங்கத்துக்கு வாசல் உண்டு, வாசலில் ஆள் உண்டு. டிக்கெட் இல்லாமல் உள்ளே நாற்காலி இல்லை. அதே சமயம் மேலே சாலையோரம் நடப்பவரின் காதை யாராலும் அடைக்க முடியாது. சும்மா கேட்பவனுக்குக் கேட்கும் உரிமை இருந்தது, உட்காரும் உரிமைதான் இல்லை. டியூக்கின் தோட்டத்துக்கும் பழைய கூண்டுக்கும் நடுவே ஒரு சமரசம் இது. 1891-இல் அடிதடி போட்ட ஊர், 44 ஆண்டுகளில் கண்டுபிடித்த நாகரிகமான பதில் என்றுகூடச் சொல்லலாம்.

28,000 பவுண்டை 3,500 இருக்கையால் வகுத்தால் ஓர் இருக்கைக்கு 8 பவுண்டு. பொது நிறுவனம் ஒன்று கட்டியதற்கு இது சிக்கனமான கணக்கு. 1935 ஆகஸ்ட் 5, திங்கட்கிழமை, சசெக்ஸின் லார்டு லெப்டினன்ட், அதாவது மன்னரின் பிரதிநிதி, லெக்கன்ஃபீல்ட் பிரபு திறந்துவைத்தார். அன்று வங்கி விடுமுறை. அந்தக் காலத்தில் ஆகஸ்ட் முதல் திங்கள்தான் கோடையின் பெரிய விடுமுறை, லண்டனிலிருந்து ரயில் ரயிலாகக் கூட்டம் இறங்கும் நாள். சம்பளத்தோடு விடுமுறை என்பதற்கான சட்டம் 1938-இல்தான் வந்தது. அதுவரை பலருக்கு ஒரு நாள் கடற்கரைதான் முழு விடுமுறையும். தேதியைத் தேர்ந்தெடுத்தவருக்குக் கல்லாவைப் பற்றி நன்றாகத் தெரிந்திருக்கிறது.

போருக்குப் பிறகு

திறந்து ஐந்து கோடை முடிவதற்குள் போர். 1940-இல் கடற்கரை முள்கம்பிக்குள் போனது. பியரின் நடைதளத்தின் ஒரு பகுதியைப் பிரித்தெடுத்து, பியர்மேல் இயந்திரத் துப்பாக்கிகள் வைத்தார்கள். தென்கிழக்கில் அதிகம் குண்டு வாங்கிய ஊர்களில் ஈஸ்ட்போர்னைத்தான் முதலில் சொல்வார்கள். மேடை தப்பியது.

1950-கள் கடற்கரை ஊர்களின் கடைசி நல்ல காலம். அதன் பிறகு ஸ்பெயினுக்கு மலிவு விமானம் வந்தது, வெயில் உத்தரவாதத்தோடு. ராணுவத்தில் படைப்பிரிவுகள் ஒன்றோடு ஒன்று இணைய இணைய ராணுவ பேண்டுகளும் குறைந்தன. வாசிக்க ஆளும் குறைவு, கேட்க ஆளும் குறைவு. திறந்த கூண்டு மேடைகள் செத்தது இந்தக் காலத்தில்தான். அவற்றைச் சாகவிடுவதால் நகர்மன்றத்துக்கு இழப்பே இல்லை, செலவு மிச்சம். ஈஸ்ட்போர்ன் மேடையின் கணக்கு வேறு. அதற்கு வாசல் இருந்தது, வாசலில் வருமானம் இருந்தது. வருமானம் தரும் ஒன்றை மூட எந்த நகர்மன்றமும் இரண்டு முறை யோசிக்கும்.

வாசல் இருந்ததால் நிகழ்ச்சியை மாற்றவும் முடிந்தது. ராணுவ பேண்டுக்குக் கூட்டம் குறைந்தால் வேறு எதையாவது போட்டு டிக்கெட் விற்கலாம். இந்த நூற்றாண்டில் அங்கே அதிகம் ஓடியது பழைய பாப் குழுக்களைப் போலவே பாடும் நகல் குழுக்கள், ராக் அண்ட் ரோல் இரவுகள், பிறகு சைக்கோவ்ஸ்கியின் 1812 இசையை வாசித்து முடிவில் கடல்மேல் வாணம் விடும் இரவுகள். இசை ரசிகர்கள் சிலர் முகம் சுளிப்பார்கள். எனக்கு அதில் குறை தெரியவில்லை. ராணுவ பேண்டும் அந்தக் காலத்தில் பிரபலமாக இருந்த ஆபராப் பாட்டுகளைத்தான் நகலெடுத்து வாசித்தது. வாணமும் பீரங்கிச் சத்தமும் 1885 சட்டம் பெயர் சொல்லித் தடுத்த விஷயங்கள், அவைதான் இந்த நூற்றாண்டில் கூட்டம் சேர்த்தன! மேடையில் கல்யாணமும் நடந்திருக்கிறது, பதிவோடு.

உப்பும் இரும்பும்

இப்போது சுவரின் மறுபக்கம். கூண்டு மேடை வார்ப்பிரும்பு. துருப்பிடித்தால் கண்ணுக்குத் தெரியும், சுரண்டிப் பெயின்ட் அடிக்கலாம், ஒரு தூண் போனால் வேறு தூண் வார்க்கலாம். 1935 கட்டடம் அப்படியில்லை. உள்ளே எஃகுச் சட்டம், அதைச் சுற்றிக் கான்கிரீட், அதன்மேல் சுடுமண் ஓடு. புயல் நாளில் அலைத் தெறிப்பு வரை வரும் இடம். கடல் உப்பிலுள்ள குளோரைடு கான்கிரீட்டுக்குள் மெதுவாக ஊறி எஃகை அடைகிறது. புதுக் கான்கிரீட்டின் காரத்தன்மை எஃகுக்கு ஒரு பாதுகாப்புப் படலம் கொடுக்கும், குளோரைடு அந்தப் படலத்தை உடைத்துவிடும். துரு எஃகைவிடப் பலமடங்கு இடம் பிடிக்கும். அந்த வீக்கம் கான்கிரீட்டைப் பிளக்கிறது, பிளவில் இன்னும் உப்புத் தண்ணீர் போகிறது. ஓடு எல்லாவற்றையும் மூடியிருப்பதால், வெளியே விரிசல் தெரியும்போது உள்ளே வேலை முக்கால்வாசி முடிந்திருக்கும்.

பக்கத்து ஊரான பெக்ஸ்ஹில்லின் பெவிலியனும் இதே நோயில் விழுந்தது. அது முதல் தரப் பாதுகாப்புப் பட்டியலில் இருக்கும் கட்டடம், கட்டியவர்கள் உலகப் பெயர். லாட்டரி நிதி உள்ளிட்ட பணத்தால் ஏறக்குறைய 80 லட்சம் பவுண்டு செலவில் 2005-இல் புதுப்பித்துத் திறந்தார்கள். ஈஸ்ட்போர்ன் மேடை இரண்டாம் தரப் பட்டியல். ஊர்ப் பொறியாளர் வரைந்தது. பட்டியலில் இருப்பதால் அனுமதி இல்லாமல் இடிக்கவும் முடியாது, மலிவான பொருளை வைத்து ஒட்டவும் முடியாது. உடைந்த ஓட்டுக்குப் பதில் அதே வடிவத்தில், அதே நிறத்தில் ஓடு சுட்டு வாங்க வேண்டும். ஆனால் நிதி கேட்டுப் போனால் பெவிலியனுக்கு விரிந்த கதவு இதற்கு அவ்வளவு எளிதாக விரியாது.

நகர்மன்றத்தின் பக்கம் பார்ப்போம். 2023-இல் ஈஸ்ட்போர்ன் நாடு முழுக்கச் செய்தியானது, இசைக்காக இல்லை. வீடில்லாத குடும்பங்களைத் தற்காலிகமாகத் தங்கவைக்கும் செலவு, அந்த நகர்மன்றம் வசூலிக்கும் வரியில் ஒவ்வொரு பவுண்டிலும் பாதியளவைத் தின்றுகொண்டிருந்தது. தங்கவைப்பது சட்டப்படி கட்டாயம். மேடையைப் பழுதுபார்ப்பது கட்டாயம் இல்லை. இப்படிப்பட்ட வரவு செலவுக் கணக்கில் குவிமாடத்துக்கு ஓடு வாங்கலாமா என்று ஒருவர் கேட்டால், அவரை ரசனை கெட்டவர் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

என்றாலும் இன்னொரு கணக்கும் உண்டு. 3,500 இருக்கை 1,600 ஆனபோது, கூட்டம் எவ்வளவு வந்தாலும் ஒரு மாலையின் உச்ச வருமானம் பாதிக்கும் கீழே போனது. பராமரிக்க வேண்டிய சுவரின் நீளம் குறையவில்லை. ரோஸ்வியரின் கணக்கு ஓர் இருக்கைக்கு இவ்வளவு என்று சரியாக நின்றது பெரிய அரங்கத்தை வைத்துத்தான். இருக்கை பாதியானதும் அந்தச் சமன்பாடு உடைந்துவிட்டது. அதை நிகழ்ச்சிகளைக் கூட்டிச் சரிசெய்ய முடியாது, இங்கிலாந்தின் கோடை மே முதல் செப்டம்பர் வரைதான். டிக்கெட் விலையைக் கூட்டிச் சரிசெய்யலாம். அப்படிச் செய்தால் மேலே சாலையோரம் நின்று சும்மா கேட்பவர்கள் அதிகமாவார்கள்.

பழுது வேலைக்கும் பருவம் ஒரு சிக்கல். கச்சேரி இல்லாத அக்டோபர் முதல் ஏப்ரல் வரை வேலை செய்வதுதான் நியாயம். அந்த மாதங்களில்தான் அலையும் காற்றும் மோசம், சாரமே நிற்காது, ஈரத்தில் கான்கிரீட் ஒட்டு வேலையும் பூச்சும் சரியாகப் பிடிக்காது. வேலையைக் கோடைக்குத் தள்ளினால் அந்த ஆண்டின் டிக்கெட் வருமானம் போகும். ஆகவே கட்டம் கட்டமாகத்தான் செய்ய முடியும், ஒவ்வொரு கட்டத்துக்கும் தனியாகச் சாரம், தனியாக ஒப்பந்தம், தனியாக நிதி. செலவு மதிப்பீட்டைப் பார்க்கும் எவரும் முதலில் ஓட்டின் விலையைக் கேட்பதைவிட, எந்த மாதத்தில் வேலை தொடங்குகிறது என்று கேட்பது நல்லது.